மூன்று மணிக்கு அங்கே எத்தனை மணி?

கேள்வி: ஜேர்மனியில் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் மேல்மாடியை ஓர் உதைபந்தாட்டக் கழகம் 18 வயதுப் பிறேசில் பெடியனுக்காக வாடகைக்கு எடுத்திருக்கிறது. வந்து ஆறு மாதம். ஆள் மெலிந்துவிட்டான், ஆட்டத்தில் இறக்குவதும் இல்லையாம். விடியப்புறம் மூன்று மணிக்கும் தொலைபேசியில் கதைக்கிறான், எங்களுக்கு நித்திரை இல்லை. கழகத்திடம் முறையிடலாமா?

பதில்: தங்கச்சி, மூன்று மணி என்று எழுதினீர்களே, அப்போது அவன் வீட்டில் எத்தனை மணி என்று பார்த்தீர்களா? மாரியில் ஜேர்மனிக்கும் பிறேசிலின் சாவோ பாவுலோவுக்கும் 4 மணித்தியால வித்தியாசம். அங்கே இரவு 11. வேலை முடித்து, சாப்பிட்டு, தாய் ஆறுதலாக இருக்கிற நேரம். இங்கே காலை 10 மணிக்குப் பயிற்சி. ஐந்து மணித்தியாலம்கூடத் தூங்காதவனின் காலில் பந்து நிற்காது. பயிற்றுநர் சோம்பேறி என்று முடிவுகட்டி வாங்கில் இருத்துவார். வாங்கில் இருந்துவிட்டு வருகிறவன் அன்றிரவு இன்னும் கூடக் கதைப்பான்.

18 வயதுக்குக் கீழே உள்ள ஆட்டக்காரரை நாடுவிட்டு நாடு மாற்றுவதை உலக உதைபந்தாட்டச் சங்கமான ஃபீஃபாவின் 19ஆம் விதி சில விலக்குகள் தவிரத் தடுக்கிறது. அதனால் பிறந்தநாள் முடிந்த கையோடு விமானம் ஏற்றிவிடுகிறார்கள். சட்டத்துக்கு அவன் பெரிய ஆள், சரி. உங்களுக்குமா? ஆறு மாதம் அவன் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஒருநாளாவது "சாப்பிட்டியா" என்று கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. உங்கள் கூரைக்குக் கீழே படுக்கிற பிள்ளை உங்கள் பொறுப்பு. பயேர்ன் மூனிக் கழகத்துக்கு 2008இல் 18 வயதில் வந்த பிறேசில் ஆட்டக்காரர் பிரேனோ காயங்களால் முடங்கினார். 2011இல் குடியிருந்த வாடகை வீடு எரிந்தது, தீவைத்ததாக 2012இல் 3 ஆண்டு 9 மாதச் சிறை. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகாதுதான். ஆனாலும் மாடிக்கு ஏறிப் பாருங்கள்.

முறைப்பாடு வேண்டாம், அது ஒழுக்கக் குறைவு என்றுதான் பதியப்படும். ஞாயிறு கீழே கூப்பிட்டுச் சோறு போடுங்கள். இரண்டு நேரமும் சோறும் பீன்ஸும் தின்று வளர்ந்தவனுக்கு, ஜேர்மன்காரரின் பாணும் சீஸும் இரவுச் சாப்பாடே அல்ல. ரியோப் பிள்ளை என்றால் கறுப்பு பீன்ஸ், சாவோ பாவுலோ என்றால் மண்ணிறம், கேட்டு வாங்குங்கள். 250 கிராமை முதல்நாள் இரவே ஊறவைத்து, பிரிஞ்சி இலையோடு பிரஷர் குக்கரில் 25 நிமிடம் அவியுங்கள். உள்ளியையும் வெங்காயத்தையும் எண்ணெயில் வதக்கி, அதில் இரண்டு கரண்டி பீன்ஸை மசித்துத் திரும்பக் கொட்டினால் குழம்பு தடிக்கும். தயவுசெய்து கறித்தூள் போடாதீர்கள்.

சாப்பிட்ட கையோடு, 7 மணிக்கு, அவனைக்கொண்டே தாயை அழைப்பியுங்கள். அங்கே பின்னேரம் 3 மணி, ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு வந்த சனம் வீட்டில் இருக்கும். கிழமை நாட்களில் 9 மணிக்கு அரை மணித்தியாலம், 11க்குப் பிறகு தொலைபேசி உங்கள் குசினியில் சார்ஜ் ஏறட்டும் என்று மூவருமாகப் பேசி முடிவெடுங்கள். வைஃபையை நிறுத்துகிற வேலை மட்டும் வேண்டாம். மார்ச் கடைசியில் இங்கே மணிக்கூடு மாறி வித்தியாசம் 5 ஆகும். பழைய பழக்கம் அப்போது திரும்பப் பார்க்கும், கவனம். தாயிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: பிள்ளையை அனுப்பியவர் நடுச்சாமத்தில் அழுது அவனை எழுப்பக்கூடாது. தாங்க முடியாவிட்டால் வரட்டும். பிறேசில் கடவுச்சீட்டுக்கு 180 நாளில் 90 நாள் விசா தேவையில்லை.

உங்கள் பிள்ளைகள் ஜேர்மன் மொழியில்தானே சண்டை பிடிப்பார்கள்? அவர்கள் முதலில் ஆட்டத்தில் கத்துகிற மூன்று சொல்லை அவனுக்குப் பழக்கட்டும்: "ஹின்டர்மான்" என்றால் பின்னால் ஆள் வருகிறான், "ட்ஸைட்" என்றால் நேரம் இருக்கிறது, "கிளாட்ஷ்" என்றால் ஒரே தொடுகையில் திருப்பிக் கொடு. இது விளங்காதவனுக்குச் சக ஆட்டக்காரன் பந்தே தரமாட்டான். கழகத்திடம் கேட்பதென்றால் ஒன்று கேளுங்கள்: மொழி வகுப்பைப் பயிற்சி முடிந்தவுடன், அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து படுத்தவன் மாலை வகுப்புக்கு எழும்பிப் போகமாட்டான்.