இடிக்காமல் ஒரு சமையலறை: பழைய மர வேலைக்குக் கேள்வி பதில்

தச்சு வேலைக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. பாதிக்கு மேல் சமையலறை வேலைதான். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கீழே சொல்லும் விலையெல்லாம் திருச்சிப் பக்கம் எனக்குக் கட்டுபடியாகும் விலை. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

அண்ணே, 1994-ல் அப்பா கட்டிய வீடு. கடப்பா கல் தடுப்பு, முன்னால் தேக்குச் சட்டம், 14 தேக்குக் கதவு. எல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. வீட்டில் மாடுலர் கிச்சன் போடலாம் என்கிறார்கள். கையில் இருப்பது 40 ஆயிரம். (கும்பகோணம்)

தம்பி, 40 ஆயிரத்துக்கு நல்ல மாடுலர் வராது. வருகிறது என்று ஒருவர் சொன்னால் அது மரத்தூளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டாக இருக்கும். ஒரு தடவை குழாய் ஒழுகினால் போதும், ரஸ்க் மாதிரி ஊறிவிடும். உங்களிடம் இருப்பது முப்பது வருஷம் காய்ந்த தேக்கு. இன்றைக்கு அதே தரத்தில் வாங்கப் போனால் மரக்கடையில் விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அந்தக் கறுப்பு மரத்தில் இல்லை, மேலே இருக்கிறது. தாளிப்புப் புகையும் பழைய வார்னிஷும் சேர்ந்து இறுகிய படலம் அது. ஒரு கதவின் உள்பக்கம், கீல் ஓரமாக உள்ளங்கை அகலத்துக்குச் சோதித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் சலவை சோடா கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து தேயுங்கள். துணியில் டீ டிகாக்ஷன் நிறத்தில் இறங்கும். உடனே நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். மேல்பூச்சு இருக்கும் வரைதான் சோடா. வெறும் மரம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும், காரம் பட்டால் தேக்கு இன்னும் கறுக்கும்.

பிசுக்கு போன பிறகுதான் உப்புத்தாள். எண்ணெயோடு தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், எண்ணெயும் மரத்துக்குள் இறங்கும். முதலில் 120-ம் நம்பர் தாள், அப்புறம் 180, கடைசியில் 220. மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடு பாலிஷ் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் தின்னர் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, மரத்தின் நுண்துளையை அடைக்கும் சீலர் இரண்டு கை, அதன் மேல் பளபளக்காத மேட் பூச்சு. மேல்பூச்சில் மெலமைன் மலிவு. பி.யூ. (பாலியூரிதேன்) விலை கூடுதல், ஆனால் சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். காசு இழுக்கிறது என்றால் அடுப்பையும் தொட்டியையும் ஒட்டிய கதவுகளுக்கு மட்டுமாவது பி.யூ. கேளுங்கள். பளபளப்பு வேறுபடாமல் இரண்டையும் மேட்டிலேயே வாங்க வேண்டும்.

கதவைக் கழற்றும் முன் ஒவ்வொன்றின் கீல் ஓரத்திலும் எண் போடுங்கள். பழைய வேலையில் 14 கதவும் 14 அளவு. சாக்பீஸ் வேண்டாம், துடைக்கும்போதே போய்விடும். ஆணியால் கீறுங்கள்.

செலவு? கூலி, சாமான் சேர்த்து பாலிஷ் 20 ஆயிரத்துக்குள் அடங்கும். அடுப்புக்குக் கீழே மூன்று டிராயர், 9 ஆயிரம். விளக்குக்கு 2 ஆயிரம். மிச்சத்தைத் தொடாதீர்கள். பழைய சமையலறையைத் திறந்தால் ஏதாவது ஒன்று கிளம்பும்.

டிராயர் பற்றிச் சொன்னீர்கள். எங்களுக்கும் கடப்பா கல்தான். டிராயர் ஓடும் சேனலைக் கல்லில் எப்படி அடிப்பது? குனிந்து குனிந்து பாத்திரம் எடுத்து இடுப்பு போய்விட்டது. (புதுக்கோட்டை, வயது 61)

அம்மா, கல்லில் நேராக அடிக்க வேண்டாம். முன்னால் இருக்கும் மரச்சட்டம் கல்லைவிட அகலம். கல்லை அளந்து டிராயர் செய்தால் சட்டத்தில் இடித்து வெளியே வராது. இது நிறையப் பேர் செய்யும் தப்பு. கல்லின் இரண்டு பக்கமும் ரீப்பர் என்ற மரப் பட்டை வைத்து, சட்டத்தின் உள் விளிம்புக்குச் சமமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். சேனல் அந்த ரீப்பரில் உட்காரும்.

டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 மி.மீ. இடம் வேண்டும். சட்டத்தின் திறப்பு 550 மி.மீ. என்றால் டிராயரின் வெளி அகலம் 524. இதை ஒரு தாளில் எழுதித் தச்சர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் பட்ஜெட்டில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் பாலிஷை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். கதவு கறுப்பாக இருந்தால் கண்ணுக்குத்தான் கஷ்டம்.

ஸ்டிக்கர் ஒட்டலாமா? மார்பிள் டிசைனில் அழகாக வருகிறதே. (ஓசூர்)

அடுப்பிலிருந்து தள்ளி இருக்கும் கதவில் ஒட்டலாம். அடுப்பருகே ஆறு மாதத்தில் ஓரம் சுருளும், அந்தச் சுருளுக்குள் கரப்பான் குடியேறும்.

2003-ல் போட்ட பிளைவுட், மேலே சன்மைக்கா. சில இடத்தில் எழும்பிவிட்டது. முழுசாக மாற்ற வேண்டுமா? (ஈரோடு)

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’கென்று கெட்டியாகக் கேட்டால் பிளைவுட் நன்றாக இருக்கிறது, பழைய சன்மைக்கா மேலேயே புதிது ஒட்டலாம். ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது, அந்தக் கதவை மட்டும் மாற்றுங்கள். எழும்பிய இடத்தை உரித்துவிட்டு, குழியைப் புட்டி வைத்துச் சமமாக்கி, மீதி இடத்தை 80-ம் நம்பர் தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும். ரப்பர் பசையைக் கதவிலும் ஷீட்டின் பின்பக்கத்திலும் தடவி, கால் மணி நேரம் பொறுத்து, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால்தான் பிடிக்கும் என்று நினைத்து அவசரப்படுவார்கள். அப்படி ஒட்டியதுதான் மூன்றாம் மாதம் எழும்பும்.

8-க்கு 4 அடி ஷீட் ஒன்று 32 சதுர அடி. 1 மி.மீ. ஷீட்டே வாங்குங்கள். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளின் ஓரத்திலும் புதுப் பட்டை ஒட்டினால் நடு இடைவெளி 2 மி.மீ. குறையும். இடைவெளி ஏற்கெனவே நெருக்கமாக இருந்தால் முன்கூட்டியே சீவிக்கொள்ள வேண்டும்.

கதவெல்லாம் தொங்குகிறது. திருகு பிடிக்கவில்லை. மூடும்போது சத்தம் வராத கீல் போடலாமா? (மதுரை)

ஓட்டை தளர்ந்திருந்தால் மூங்கில் குச்சியைப் பசையில் தோய்த்து இறுக்கமாக அடித்து, மறுநாள் சீவிவிட்டு, அதே இடத்தில் திருகு போடுங்கள். பத்து ரூபாய் வேலை.

சாஃப்ட் குளோஸ் கீல் பிளைவுட் கதவுக்குச் சரி. பழைய தேக்குக் கதவுக்கு முன் கனத்தை அளங்கள். இதில் நான் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தஞ்சாவூரில் ஒரு வீடு, 11 கதவு. வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று 35 மி.மீ. குழி எல்லாம் தோண்டிக் கீலை மாட்டிவிட்டேன். கதவுக் கனம் 30 மி.மீ. திறந்தால் கதவின் ஓரம் சட்டத்தில் போய் இடிக்கிறது, பாதிக்கு மேல் போகவில்லை. சட்டத்துக்குள் அடங்கும் கதவுக்கு வளைவு அதிகமான கீல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதைத்தான் வாங்கியிருந்தேன். கனத்தைப் பார்க்கவில்லை. 22 குழிக்கும் வட்ட வில்லை செதுக்கி அடைத்து, பழைய பட்டாம்பூச்சிக் கீலையே திரும்ப மாட்டிக் கொடுத்தேன். அந்த வில்லைகள் இன்னும் தெரியும். அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை, காப்பி மட்டும் தரவில்லை.

மரத்திலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது. கரையானா? (நாகர்கோவில்)

குண்டூசித் தலை அளவு ஓட்டையும் கீழே மெல்லிய மாவும் இருந்தால் அது உளுவண்டு. கரையான் என்றால் மண் கோடு ஓடும், மரத்தைத் தட்டினால் உள்ளே வெற்றாகக் கேட்கும். உளுவண்டு என்றால் உளுத்த பலகையை மட்டும் எடுத்துப் போட்டால் பெரும்பாலும் தீரும். கரையான் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வருவது, மரத்துக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டு, அரிசி பருப்பையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். பாலிஷ் அதற்கப்புறம்.

பழைய கதவுக்குப் பச்சை எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், மூன்று நான்கு கை இருக்கும். நானே தேய்த்து எடுக்கலாம் என்று பார்க்கிறேன். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. (அம்பாசமுத்திரம்)

கொஞ்சம் நில்லுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசு குழந்தைக்கு ரொம்பக் கெடுதல், மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால் உப்புத்தாளை உலர வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம், மெஷினும் வேண்டாம், தீ காட்டி உரிப்பதும் வேண்டாம்.

பெயின்ட் பிடிப்பாக இருந்தால் எடுக்கவே வேண்டாம். கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், வாட்டர் பேப்பர் என்ற ஈர உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாக மினுக்கை மட்டும் எடுத்துவிட்டு, பிரைமர், அதன் மேல் புது பெயின்ட். பழசு உள்ளேயே மூடிக் கிடக்கட்டும். வேலை நடக்கும் நாட்களில் பிள்ளையை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இடத்தைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவும் அடிப்பலகையும் இரண்டாவது தடவையாக ஊறிப்போய்விட்டன. நல்ல பிளைவுட் என்றுதான் சொன்னார்கள். (சேலம்)

எந்த நல்ல பிளைவுட்? பலகையில் முத்திரை இருக்கும். ஐ.எஸ். 303-ல் எம்.ஆர். ரகம் என்றால் சாதாரணம், காற்றின் ஈரத்தைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 தான் கொதிநீர் தாங்கும் ரகம். ஆனால் அந்த ஒரு இடத்துக்கு நான் மரமே வைப்பதில்லை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை, இல்லையென்றால் அலுமினியக் கதவு. அதற்கும் முன்னால் ஒழுகும் இணைப்பைச் சரிசெய்யுங்கள்.

சிலிண்டரையும் உள்ளே வைத்துக் கதவு போட்டு மறைக்கலாமா? (பல்லாவரம்)

கதவு போடலாம், காற்று போக வழி வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் கதவின் அடியில் ஜாலி வெட்டுங்கள். மேலே மட்டும் வெட்டிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு.

வாடகை வீடு. 5 ஆயிரத்துக்கு மேல் போட மனசில்லை. (வேளச்சேரி)

போடவும் வேண்டாம். பரணுக்குக் கீழே எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்று, போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கைப்பிடி மாற்றுவதானால் பழையதன் இரண்டு திருகுக்கு நடுவே அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 96 அல்லது 128 மி.மீ. இருக்கும். அதே அளவில் வாங்கினால் புது ஓட்டை வேண்டாம், வீட்டுக்காரரும் முகம் சுளிக்கமாட்டார். பித்தளைக் கைப்பிடியாக இருந்தால் மாற்றாதீர்கள், புளி போட்டுத் தேயுங்கள்.

வேலையை ஐப்பசியில் ஆரம்பித்தால் தீபாவளிக்குள் முடியுமா? (கும்பகோணம், முதல் கேள்வி கேட்டவர்தான்)

தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்று நானே சொன்னாலும் நம்பாதீர்கள். மழை ஈரத்தில் பாலிஷ் அடித்தால் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப் பூக்கும். இறுக்கமாக இருக்கும் கதவை அப்போது சீவினால் சித்திரையில் சுருங்கி இடைவெளி விடும். டிராயரையும் விளக்கையும் இப்போது முடித்துக்கொள்ளுங்கள். கதவுகளைத் தை பிறந்ததும் கழற்றலாம்.