வயசான அப்பா அம்மாவோட ப்ராக் போறோம், 2 நாள் போதுமா? எப்படி பிளான் பண்ணலாம்?

"வயசான அப்பா அம்மாவோட"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் எழுதறேன். நானும் எங்கப்பா அம்மாவைக் கூட்டிட்டு ஜெர்மனியில இருந்து ரயில்ல போனவன். சின்னப் பசங்கன்னா 2 நாள் ஓகே, நீங்க 3 நாளா வைங்க. ஊர் பூரா கல்லு பதிச்ச ரோடு, முட்டி வலி இருக்கறவங்க அரை நாள்ல உக்காந்துடுவாங்க.

கோட்டைக்குக் கீழ இருந்து படியேற வேணாம். 22ம் நம்பர் டிராம்ல ப்ராஷ்ஸ்கி ஹ்ராட் ஸ்டாப்ல இறங்கி, பாத்துட்டு மெதுவா கீழ இறங்கி வாங்க. உள்ள இருக்கற செயின்ட் வைட்டஸ் சர்ச் 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிஞ்சுதாம், "அப்போ நம்மூரு மேம்பாலம் பரவால்ல"ன்னாரு எங்கப்பா. சார்லஸ் பாலத்துக்கு விடியறப்பவே போயிடுங்க, வெயில் ஏறினா தேர்க் கூட்டம்தான். யூதர் பகுதி மியூசியமெல்லாம் சனிக்கிழமை லீவு.

ஆனா முக்கியமா சொல்ல வந்தது காசு மாத்தற விஷயம். செக் நாட்டுல யூரோ இல்ல, கொருனா. நான் டிக்கெட் வாங்கப் போன கேப்புல பழைய டவுன் பக்கம் ஒரு கடையில அம்மா 200 யூரோவை நீட்டிட்டாங்க. எங்கப்பா கூட்டுறவு பேங்க்ல கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ரசீதை வாங்கி கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பாத்தாரு, 3400 கொருனா. அதாவது யூரோவுக்கு 17, நியாயமா 24க்கு மேல வரணும். போர்டுல கண்ணுல பட்ட பெரிய நம்பர் அவங்க யூரோவை நமக்கு விக்கற ரேட்டு, நம்மகிட்ட வாங்கற ரேட்டு பக்கத்துக் கட்டத்துல.

அங்க 2019 ஏப்ரல்ல இருந்து ஒரு சட்டம் இருக்குங்க, 1000 யூரோ வரைக்கும் மாத்தினதை 3 மணி நேரத்துக்குள்ள ரசீதோட போய் கேன்சல் பண்ணிக்கலாம், காரணம் கூட சொல்ல வேணாம். நான் இதைச் சொன்னதுதான், அப்பா நேரா கவுண்டருக்குப் போயிட்டாரு. உள்ள இருந்த பையன் இங்கிலீஷே புரியாத மாதிரி நிக்கறான். இவரு அசரல, ரசீதுல அந்த 17ஐ பேனாவால வட்டம் போட்டு, கொருனா நோட்டையெல்லாம் விரல்ல எச்சி தொட்டு எண்ணி வரிசையா வச்சுட்டு, "டூ ஹண்ட்ரட் யூரோ, ரிட்டர்ன்"னாரு, அவ்ளோதான். பின்னாடி க்யூ நீளவும் குடுத்துட்டான்.

எல்லாக் கடையும் இப்படின்னு நான் சொல்லல. கமெண்ட்ல வந்து "கார்டு தேய்ச்சா போதுமே"ன்னு கிளாஸ் எடுக்காதீங்க, நானும் கார்டுதான், எங்கம்மாவுக்குக் கையில நோட்டு இல்லாம வெளிய போனா நடையே வராது. ஏடிஎம்ல எடுத்தீங்கன்னா, உங்க கரன்சியில கணக்குப் போடவான்னு கேக்கும், வேணாம்னு அமுக்குங்க.

எரிச்சல் என்னன்னா, எங்க சொந்தத்துல ஒருத்தரு, பத்து நாடு பேக்கேஜ்ல போய் மத்தியானம் ப்ராக்ல இறங்கி பழைய டவுன்ல இருக்கற அந்த 1410ம் வருஷத்துக் கடிகாரத்து முன்னாடி போட்டோ புடிச்சு சாயங்காலமே பஸ் ஏறினவரு, கல்யாணப் பந்தியில உக்காந்துக்கிட்டு "ப்ராக்ல என்ன பெருசா இருக்கு"ங்கறாரு. அப்பா பாவம், தமிழ் ஆராய்ச்சி பண்ண செக் அறிஞர் கமில் சுவலெபில் பொறந்த ஊருங்க அதுன்னு ஆரம்பிச்சாரு. "யாரு, டென்னிஸ் பிளேயரா?"ன்னாரு அந்த மனுஷன். அப்பா பாயசம் கூட வாங்கிக்காம எந்திரிச்சுட்டாரு.