நெட்டாலுக்குப் போன பெரிய தாத்தா

அன்புள்ள ஐயா,

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, சிதம்பரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். 1900ஐ ஒட்டிய காலம் என்கிறார்கள். திரும்பவில்லை, பணமும் அனுப்பவில்லை. போகும்போது ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனார் என்று என் அத்தை மட்டும் சொல்வார். மற்றவர்கள் அவர் வாயை அடைத்துவிடுவார்கள். அவரைத் தேட வழி உண்டா? அப்பாவோ, "கிளறாதே, யாராவது நிலத்தில் பங்கு கேட்டு வந்து நிற்கப் போகிறார்கள்" என்கிறார்.

ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வழி உண்டு. உங்கள் பெரிய தாத்தா போனது நெட்டால் என்பது நல்லதாகப் போயிற்று. ரங்கூனுக்கோ இலங்கைத் தோட்டங்களுக்கோ மேஸ்திரியும் கங்காணியும் அழைத்துப் போனவர்களுக்கு இவ்வளவு விரிவான பதிவு கிடையாது. நெட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஒப்பந்தக் கூலிகளுக்குக் கப்பல்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். ஊரோடு இருந்த தம்பிக்குப் பட்டாவில் ஒரு பெயர் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். அண்ணனுக்கோ முழங்கால் தழும்பு வரை எழுதி வைத்திருப்பார்கள். பரிவினால் அல்ல, ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே.

மூலப் பட்டியல்கள் அங்குள்ள டர்பன் நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணினியில் ஏற்றப்பட்டும் கிடைக்கின்றன. ஆனால் முனுசாமி என்று மட்டும் தேடினால் முனுசாமிகள் வரிசைகட்டி வருவார்கள். மூன்சாமி, முனிசாமி என்று குமாஸ்தா காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார். அதனால் தகப்பன் பெயரையும் ஊரையும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அப்போது தென்னாற்காடு ஜில்லா. தாணா என்பது போலீஸ் ஸ்டேஷன். அந்தக் காலத்தில் எந்த ஸ்டேஷன் எல்லைக்குள் உங்கள் ஊர் இருந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

இப்போது அத்தை விஷயத்துக்கு வருகிறேன். நானாக இருந்தால் அவரிடமிருந்துதான் தொடங்குவேன். குடும்பம் எதை அமுக்கப் பார்க்கிறதோ அதில்தான் துப்பு அதிகம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது போக வேண்டும் என்று விதி இருந்தது. பெண்கள் கிடைப்பது கஷ்டம், ஆகவே ஜோடியாக வந்தவர்களை ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் சந்தோஷமாகவே சேர்த்துக்கொண்டார்கள். விதவைகள், புருஷனை விட்டு வந்தவர்கள், டிப்போவில், அதாவது கப்பல் ஏறும்வரை தங்கவைத்த முகாமில், காத்திருந்த நாட்களில் ஒருவரோடு சேர்ந்தவர்கள் என்று எத்தனையோ பேர். குடும்பமாகப் போனவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களே இருக்கும். அந்தப் பெண்ணின் பெயரையோ ஊரையோ அத்தை சொல்லிவிட்டால், ஆயிரம் முனுசாமிகளில் உங்கள் முனுசாமியைப் பிரித்தெடுக்கப் பக்கத்து வரியே போதும். அத்தையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்.

"பணம் அனுப்பவில்லை" என்ற குறை உங்கள் வீட்டில் இன்னும் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. கணக்கைப் பாருங்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். மாதக் கூலி 10 ஷில்லிங்கில் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி, கடைசியில் 14. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் அங்கேயே இருந்தால் வருஷத்துக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங் வரி. 1895இல் போட்ட சட்டம். நாலு மாதக் கூலிக்கும் மேல்! மனைவிக்கும், பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கும்கூடத் தனித்தனியாகக் கேட்டார்கள். காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் சுரங்கத்தையும் கரும்புக்காட்டையும் விட்டு இவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தது இந்த வரிக்காகத்தான். அடுத்த ஆண்டு அது ரத்தானது. அதுவரை மணியார்டர் அனுப்பக் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கிராமம் தேடி வருவது உண்மைதான். பலர் கையில் இருப்பது அந்தப் பட்டியலின் நகல் ஒன்றுதான், அதிலும் ஊர்ப் பெயர் பிழையாக இருக்கும். அவர்கள் கேட்பது குலதெய்வம் எது, கோயில் எங்கே, எங்கள் சாயலில் யாராவது இருக்கிறார்களா என்பதைத்தான். வந்தால் ஒருவேளை சாப்பாடு போடச் சொல்லுங்கள் அப்பாவை.

அப்புறம் ஒன்று. முனுசாமியின் தகப்பனார் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. பழைய கிரயப் பத்திரம் வீட்டில் இருந்தால் "இன்னார் குமாரர்" என்ற இடத்தைப் பாருங்கள். கிடைத்ததும் எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்.