கன்பரா கரண்டும் நம் ஊர் கரண்டும்

கேள்வி: கன்பராவில் இருக்கும் மகன், தங்கள் நகரத்துக்கு 2020 முதல் நூற்றுக்கு நூறும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்தான் என்கிறான். இரவில் வெயில் ஏது? கதை விடுகிறானா? (உப்புவெளி வாசகி)

கதையில்லை அம்மா, ஆனால் ஒரு கணக்கைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். கந்தளாயில் பத்துப் பேர் ஒரே களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுப் பிறகு அளந்து எடுத்தால், வருவது உங்கள் வயல் நெல்லாக இருக்காது, அளவுதான் உங்களுடையது. கரண்டும் அப்படித்தான். வருடம் முழுக்க நகரம் எத்தனை யூனிட் பாவிக்கிறதோ, அத்தனையையும் காற்றாலைகளும் சூரியப் பண்ணைகளும் லைனுக்குள் அனுப்பும்படி ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு எங்கேயோ தென் அவுஸ்திரேலியாவில் இருக்கும் ஹோர்ன்ஸ்டேல் காற்றாலையிலிருந்து. ராத்திரி காற்று விழுந்தால் மகன் வீட்டு விளக்கு நிலக்கரியிலும் எரியும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் பல காற்றாலைகளுக்குக் கடன் கொடுக்கவே ஆள் வந்திருக்காது.

கேள்வி: கரண்ட் விலை ஏறினால் கன்பராக்காரர் இந்த ஒப்பந்தத்தை விட்டுவிட மாட்டார்களா? (மூதூர்)

ஏறினால்தான் நகரத்து மக்களுக்கு லாபமே! ஏலத்தில் குறைந்த விலை கேட்டவருக்கு 20 வருடம் வரை நிலையான விலை. சந்தை விலை அதற்குக் கீழே போனால் மிச்சத்தை நகரத்து மக்கள் பில்லில் கட்டுவார்கள், மேலே போனால் காற்றாலைக்காரர் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2022இல் எரிபொருள் விலை எகிறி மற்ற மாநிலங்களில் பில் கூடியபோது கன்பராவில் சற்று இறங்கியது. அதற்கு முன் மலிவான காலத்தில் அதிகமாகக் கட்டியவர்களும் அவர்களேதான், அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கேள்வி: திருகோணமலையும் இப்படி வாங்கலாமா?

இப்போதைக்கு முடியாது. யாரிடம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்க நம் ஊர் மன்றத்துக்கு வழியில்லை, நாட்டின் பொது லைனில் வருவதுதான். கட்டடக் கூரைகளில் சோலார் போடலாம், வீதி விளக்குகளை எல்ஈடிக்கு மாற்றலாம், அவ்வளவுதான்.

கேள்வி: அப்போ சம்பூர் கரண்ட் நமக்கு வராதா?

வரும், ஊர் பெயர் எழுதி வராது. 500 மெகாவாட் நிலக்கரி ஆலை வருவதாக இருந்த இடம் அது. 2016இல் அதைக் கைவிட்டார்கள். 2006இல் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பிய சனத்துக்குச் சாம்பல் புகையும் சேர்ந்து வந்திருக்கும், நல்லவேளை. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைத்தார்கள். அது பகலில் மட்டும்தான் தரும். நம் நாட்டில் பாவனை உச்சம் பின்னேரம் 6.30க்குப் பிறகு, சோறு கறி, டீவி, ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: நல்ல வெயில், கூரையில் சோலார், ஆனாலும் கரண்ட் போனால் வீடு இருட்டு. ஏமாந்துவிட்டேனா? (நிலாவெளி)

இதே கோபம் எனக்கும் வந்தது. பூட்டித் தந்தவர்கள் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. லைன் செத்ததும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டியான இன்வேர்ட்டரும் தானாக நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு உங்கள் கூரைக் கரண்ட் அடிக்கும். பேட்டரியோடு தனியாக ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர் வேண்டும், விலை கூடத்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாவனை குறைந்த பகல். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டபோது கூரை சோலார்களும் சேர்ந்து நின்றன. பாவனை குறைந்த நேரத்தில் சோலார் கூடினால் லைன் தடுமாறும் என்பதால், இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது.

அப்புறம், நிலாவெளி என்றால் உப்புக்காற்று. பேனலில் விரலை இழுத்துப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டும். விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.