அடைத்திருப்பது மையா, காற்றா?

கேள்வி: உசிலம்பட்டியில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கலர் பிரிண்டருக்கான கார்ட்ரிட்ஜ்களில் நானே சிரிஞ்சால் மை நிரப்புகிறேன். நிரப்பியதும் முதல் பக்கம் பளிச்சென்று வருகிறது. இரண்டாம் பக்கத்தின் பாதியில் வெளிறத் தொடங்கி, மூன்றாம் பக்கம் வெறும் கோடுகளாகிவிடுகிறது. அரை மணி நேரம் விட்டு அடித்தால் மறுபடி ஒரு பக்கம் நன்றாக வருகிறது. வெந்நீரில் கழுவினேன், ஹெட் கிளீனிங் பத்துத் தடவை கொடுத்தேன், பயனில்லை. மதுரையில் ஒரு கடையில் காட்டினால், ‘ஹெட் போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்கிறார்கள். மை இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகவும் காட்டுகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்:

சகோதரி, அரை மணி நேரம் விட்டு அடித்தால் நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கான விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அழுக்கு ஓய்வெடுத்தால் கரையாது. தாளில் மையைத் தெளிக்கும் பகுதியான ஹெட் எரிந்துபோயிருந்தால் ஓய்வெடுத்து உயிர் பெறாது. ஓய்வுக்குப் பின் ஒரு பக்கம் ஒழுங்காக வருகிறதென்றால் நாசில், அதாவது ஹெட்டில் மை வெளியேறும் நுண்துளை, திறந்தே இருக்கிறது. மைதான் அதுவரை வந்து சேரவில்லை. உள்ளே காற்று போக வழியில்லாததே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஒழுகும். கார்ட்ரிட்ஜிலும் கதை அதுதான். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் மையைப் பிடித்து வைத்திருக்கிறது. கீழே ஒரு துளி வெளியேறினால் மேலே அந்த அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியின் மேல், ஸ்டிக்கருக்கு அடியில், மெல்லிய கோலம் போட்டதுபோல் வளைந்து வளைந்து போகும் பள்ளக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. காற்று போகும் வாய்க்கால்கள். மை காய்ந்துவிடாமலும் காற்று நின்றுவிடாமலும் இருக்கத்தான் அத்தனை வளைவு.

நிரப்பி முடித்ததும் சிந்திவிடுமோ என்று பயந்து மேலே செல்லோடேப்பை இழுத்து ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அழுத்தி அழுத்தி ஒட்டியவன்தான். டேப்பை உரித்துவிட்டு ஒரு நாலு பக்கம் அடித்துப் பாருங்கள். கோளாறு அத்தோடு தீர்ந்தாலும் தீர்ந்துவிடும். பழைய ஸ்டிக்கரையே தளர்வாகப் போர்த்தி வைத்தால் போதும். டேப்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஓட்டைக்கு நேராகவும் குண்டூசியால் ஒரு குத்து.

டேப் இல்லாமலேயே இப்படி வருகிறதென்றால் காற்று ஸ்பாஞ்சுக்குள் சிக்கியிருக்கிறது. அவசரமாக மையை அழுத்தினால் ஸ்பாஞ்சின் நடுவில் குமிழி தங்கி, மேலே இருக்கும் மையைக் கீழே விடாது. ஊசியை ஸ்பாஞ்சின் பாதி ஆழம் வரை இறக்குங்கள். அரை மில்லி விடுங்கள், நிறுத்துங்கள், ஸ்பாஞ்ச் குடிக்கட்டும், மறுபடி அரை மில்லி. ஓட்டையின் வாயில் மை பளபளவென்று எட்டிப் பார்த்தால் அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம். எட்டிப் பார்த்ததையும் கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிடுங்கள். பல சின்ன கார்ட்ரிட்ஜ்களில் புதிதாக வரும்போதே மை 10 மில்லிக்குள்தான். கலரில் அதையும் மூன்று அறைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அங்கே தாராளம் காட்டினால் ஓர் அறையின் நிறம் அடுத்த அறைக்கு வழியும். எந்த ஓட்டை எந்த நிறம் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு புதிய பல்குத்தியை விட்டு, நுனியில் ஒட்டும் நிறத்தைப் பார்த்துவிட்டே ஊசியை எடுங்கள்.

நிரப்பியதும் நாலாக மடித்த டிஷ்யூ பேப்பரின் மேல் நாசில் பக்கத்தைப் பத்து நொடி அழுத்தி எடுங்கள். கருப்பில் ஒரே சீரான பட்டை விழ வேண்டும். கலரில் மூன்று பட்டைகள் தனித்தனியாக விழ வேண்டும். மஞ்சள் கண்ணை ஏமாற்றும். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை தெரிந்தால் நீலம் அதற்குள் புகுந்துவிட்டது. அப்போது டிஷ்யூவை மாற்றி மாற்றி ஒற்றி, மஞ்சள் சுத்தமாக வரும்வரை கலந்த மையை வெளியே இழுக்க வேண்டும். ஒரு பட்டை விழவே இல்லையென்றால், ரீஃபில் கிட்டோடு வரும் உறிஞ்சு கிளிப்பை நாசிலில் பொருத்தி சிரிஞ்சால் மெதுவாக இழுங்கள். முதலில் நுரை வரும், பிறகு மை. நுரை நின்றால் காற்று போய்விட்டது.

கழுவ வேண்டியது எப்போது? வெள்ளைக் கோடு தாளுக்குத் தாள் அதே இடத்தில், அதே அகலத்தில் விழுந்தால். கோடு இடம் மாறி மாறி வந்தால் காற்று; ஒரே இடத்தில் நின்றால் காய்ந்த மை, இல்லையென்றால் எரிந்த நாசில். மே மாதக் கத்திரி வெயிலில், கூரை சுடும் கடைக்குள் நாலு நாள் சும்மா கிடந்த கார்ட்ரிட்ஜில் நாசில் காய்ந்துபோவதில் ஆச்சரியமில்லை.

அதற்கு வெந்நீர் சரி, ஆனால் போர் தண்ணீர் கூடாது. குடத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு, தலைமுடியைவிட மெல்லிய அந்த நாசிலிலும் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஒரு தட்டில் ஊற்றி, மடித்த டிஷ்யூவை நனைத்து, நாசில் மட்டும் படும்படி ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். கொதிக்கும் நீர் நாசில் தகட்டை ஒட்டியிருக்கும் பசையை விட்டுப்போகச் செய்துவிடும். பிரஷ், துணி, நகம் எதுவும் நாசிலைத் தேய்க்கக் கூடாது, ஒற்றுவது மட்டுமே. பின்புறச் செப்புப் புள்ளிகளை நூல் பிரியாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ‘கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை’ என்ற புலம்பல் பல நேரம் அந்தப் புள்ளிகளில் ஒட்டிய விரல் மையால் வருவதுதான்.

ஹெட் கிளீனிங்கைப் பத்துத் தடவை கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு, பிரிண்டருக்குள் இருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேருகிறது. அது நிரம்பிவிட்டதென்று கணக்குப் போட்டு வேலையையே நிறுத்திவிடும் பிரிண்டர்களும் உண்டு. இரண்டு தடவைக்குமேல் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மை வராதபோதும் அச்சடித்துக்கொண்டே இருப்பது. 1977-இல் ஜப்பானில் கேனான் ஆய்வுக்கூடத்தில் மை நிரம்பிய ஒரு சிரிஞ்சின் ஊசிமேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது; ஊசிமுனையில் மை பீறிட்டது. உங்கள் கையில் இருப்பதுபோன்ற ஒரு சிரிஞ்சிலிருந்துதான், மையைச் சூடாக்கித் துளியாகத் தள்ளும் இந்தத் தொழில்நுட்பமே கிளைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்பி, கேனான் சிறிய பிரிண்டர்களில் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வரும் ஹெட்டில் ஒவ்வொரு நாசிலுக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய சூடேற்றி இருக்கிறது. மைக்ரோ நொடிகளில் 300 டிகிரி அளவுக்குச் சூடேறி, ஒரு குமிழியை உண்டாக்கித் துளியை வெளியே தள்ளுகிறது. அதைக் குளிர்விப்பதும் அதே மைதான். மை இல்லாமல் சுட்டால் அது கருகும். கருகினால் எந்தக் கழுவலும் உதவாது. எழுத்து வெளிறிய நொடியே நிறுத்துங்கள். (எப்சன் பிரிண்டர்களில் ஹெட் பிரிண்டரோடு இருக்கும், சூடேற்றலும் இல்லை, அந்தக் கதை வேறு.)

இன்னொரு பழக்கம். இரவு கடை பூட்டும்போது மெயினை இறக்கிவிட்டுப் போகிறீர்களா? பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் கார்ட்ரிட்ஜ் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடியின்மேல் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளும். வேலையின் நடுவே மெயினை இறக்கினால் நின்ற இடத்திலேயே இரவெல்லாம் வாய் திறந்து கிடக்கும். மின்சாரம் போனபோதும் இதே கதிதான். வந்ததும் ஒருமுறை போட்டு, பொத்தானால் அணையுங்கள். அந்த ரப்பர் மூடியையும் மாதம் ஒருமுறை ஈரப் பஞ்சால் துடையுங்கள். அதில் மைப்பிசின் படிந்தால் மூடியும் மூடாதது மாதிரிதான்.

மை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கருப்பில் பல மாடல்களுக்கு நிறமித்துகள் கொண்ட பிக்மென்ட் மை. கலருக்கு நீரில் கரையும் டை மை. பிக்மென்ட்டைக் கலர் கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் அடைப்பை விலைக்கு வாங்கியதுபோல. கருப்பில் டை மையை ஊற்றினால், மனுவில் மழைத்துளி பட்டதும் எழுத்து கரைந்து ஓடும். திட்டு உங்களுக்குத்தான் விழும். அச்சடித்த தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தெரிந்துவிடும்.

நாலைந்து தடவை நிரப்பிய பிறகு அதே இடத்தில் அழியாத கோடு நின்றால், மதுரைக் கடைக்காரர் சொன்னது அன்றைக்குச் சரி, புதிது வாங்கிவிடுங்கள். தினமும் ஐம்பது, நூறு பக்கம் போகிறதென்றால் இங்க் டேங்க் பிரிண்டருக்கு மாறுவதே என் யோசனை.

மை தீர்ந்தது என்ற அறிவிப்பைப் பற்றி: பிரிண்டர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, அடித்த துளிகளை எண்ணிக் கணக்குச் சொல்கிறது. நீங்கள் நிரப்பியது அதற்குத் தெரியாது. கேனான் என்றால் நிறுத்தும் பொத்தானை ஐந்து நொடிக்குமேல் அழுத்திப் பிடியுங்கள். ஹெச்பி என்றால் திரையில் சரி கொடுத்துத் தொடருங்கள். அதன்பின் அளவைச் சொல்ல ஆளில்லை என்பதால் தராசை நம்புங்கள். பக்கத்து நகைக்கடையிலோ உங்கள் சமையலறையிலோ உள்ள சிறிய டிஜிட்டல் தராசில், நிரப்பியதும் ஒருமுறை நிறுத்து, அந்த எண்ணைக் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டிலேயே எழுதி வையுங்கள். ஒரு மில்லி மை ஏறக்குறைய ஒரு கிராம். நிரப்பியது 5 மில்லி என்றால், எடை 4 கிராம் குறைந்த அன்று சிரிஞ்சை எடுங்கள்.