காலியாகக் கிடக்கும் புறநகர் அலுவலக வளாகத்தை வீடு, கடை, வேலையிடம் எல்லாம் கலந்த இடமாக மாற்ற முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் கட்டடத்தை வைத்துத் திட்டம் போடத் தொடங்கினால் பெரும்பாலும் சொதப்பும். கார் நிறுத்துமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

நான் கட்டடங்களில் தண்ணீர், கழிவுநீர், ஏசி வேலைகளைப் பார்க்கும் பொறியாளர். இப்படி ஆள் போய்விட்ட வளாகங்கள் தேறுமா என்று பார்த்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். ஒருமுறை உள்ளே நுழைந்ததுமே சாக்கடை நாற்றம் குடலைப் பிடுங்கியது. கூட வந்தவர், "குழாய் மொத்தமும் போச்சு சார், இடிச்சிட வேண்டியதுதான்" என்றார். காவலாளியிடம் ஒரு வாளி தண்ணீர் வாங்கி, வாஷ்பேசின், தரை வடிகால் என்று ஒவ்வொன்றிலும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டே போனேன். மத்தியானத்துக்குள் அந்தத் தளத்தில் நாற்றம் அடங்கிவிட்டது. அந்த வடிகால்களுக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் சாக்கடைக் காற்றை மேலே விடாமல் தடுப்பது. புழங்காத கட்டடத்தில் அது காய்ந்துவிடும், அவ்வளவுதான். நான் பார்த்தவரை, காலிக் கட்டடங்களில் "சேதம்" என்று சொல்லப்படுவதில் பாதி இந்த ரகம். (வெந்நீர்க் குழாய்களில் மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீர் மட்டும் விளையாட்டில்லை. அதில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். நன்றாகத் திறந்துவிட்டு, பரிசோதித்த பிறகுதான் யாரும் குளிக்கலாம்.)

சரி, கார் நிறுத்துமிடத்துக்கு வருவோம். இந்த வளாகங்களில் பல, ஆயிரம் சதுர அடி அலுவலகத்துக்கு நான்கு கார் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. ஒரு கார் நிற்கவும், வந்து திரும்பவும் சேர்த்து 300 சதுர அடியாவது வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: மனிதர் உட்கார ஆயிரம், கார் உட்கார ஆயிரத்து இருநூறு. அவ்வளவும் சமன் செய்த நிலம். மரம் வெட்ட வேண்டாம், மண் அடிக்க வேண்டாம், மின்சாரமும் தண்ணீரும் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன. புது வீடுகளை இங்கே கட்டுங்கள். மிச்சத் தாரைப் பெயர்த்துவிட்டால் மழைநீரும் மண்ணுக்குள் இறங்கும். வேலைக்கு வருகிறவர் காலையில் நிறுத்தி மாலையில் எடுப்பார், குடியிருப்பவர் மாலையில் நிறுத்திக் காலையில் எடுப்பார். ஒரே இடம் இருவருக்கும் ஆகும் என்பதால் தாரில் கணிசமான பங்கு தேவையே படாது.

பழைய கட்டடத்துக்குள்ளேயே வீடு தடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். சன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். ஏழு மீட்டர் என்று வையுங்கள். இந்தக் கட்டடங்களின் அகலமோ முப்பது, நாற்பது மீட்டர். நடுவில் இருப்பவருக்கு வீடு கிடைக்காது, குகைதான் கிடைக்கும். போதாததற்குச் சன்னல் திறக்காது. கழிப்பறைகள் எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறை, குளியலறை என்று குழாய் இழுக்க, தளத்தைத் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அகலம் குறைந்த பழைய கட்டடம் கிடைத்தால் அது வேறு கதை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் இருக்கும், பெல் தொலைபேசி நிறுவனத்தின் பழைய ஆய்வகக் கட்டடம். கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்தது. 1962-ல் திறந்தார்கள், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 472 ஏக்கரில் கிட்டத்தட்ட 20 லட்சம் சதுர அடிக் கண்ணாடிப் பெட்டி. வேடிக்கை என்னவென்றால், கண்ணாடியை ஒட்டி நடைபாதையை வைத்துவிட்டு, ஆராய்ச்சி அறைகளை உள்ளே சன்னலே இல்லாமல் வைத்தார். வீடாக்க அதைவிட மோசமான கட்டடம் கிடைக்காது. 2006-ல் இடிக்கும் பேச்சு வந்தபோது விஞ்ஞானிகளும் கட்டடக் கலைஞர்களும் கூச்சல் போட்டார்கள். 2013-ல் வாங்கியவர்கள் அதை வீடாக்க முயலவில்லை. வீடுகள் சுற்றியிருந்த நிலத்தில் எழுந்தன. கட்டடத்தின் நடுவே கால் மைல் நீளத்துக்கு ஓடும் கூடத்தை ஒரு தெருவைப்போல எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஊர்ப் பொது நூலகமே உள்ளே இருக்கிறது. கீழே கடைகள், உணவகங்கள். மேலே பல நிறுவனங்களின் அலுவலகங்கள். கூடத்தின் கண்ணாடிக் கூரையிலேயே சூரிய மின்சாரம் எடுக்கிறார்கள்.

எல்லா வளாகத்துக்கும் இந்த யோகம் இல்லை. சிகாகோ பக்கம் ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்ற ஒரே ஊரில், ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் விட்டுப்போன வளாகத்தை, பெல் கட்டடத்தை வாங்கிய அதே ஆட்கள் வாங்கி இதே பாணியில் மாற்றத் தொடங்கினார்கள். அங்கேயே இருந்த சியர்ஸ் என்ற கடைச் சங்கிலியின் தலைமையகத்தை வாங்கியது, கணினித் தரவு மையங்கள் கட்டும் ஒரு நிறுவனம். அந்தக் கட்டடங்கள் இடிபட்டன.

இடிக்காமல் விடுவதன் லாபம் கண்ணுக்குத் தெரியாது. அஸ்திவாரம், தூண், தளம் ஆகியவற்றின் சிமெண்டும் இரும்பும்தான் ஒரு கட்டடத்தைக் கட்டும்போது வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்குக்குக் காரணம். அது ஏற்கெனவே செலவாகிவிட்ட கணக்கு. இடித்துக் கட்டினால் இன்னொரு முறை செலவு செய்கிறோம். கலந்த பயன்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: அலுவலக ஏசி நாள் முழுக்க வெளியே தள்ளும் வெப்பத்தைப் பிடித்து, வீடுகளுக்கு வெந்நீராகக் கொடுக்கலாம். வீடு மட்டும், அலுவலகம் மட்டும் இருக்கும் இடத்தில் இது நடக்காது.

சோலார், மழைநீர் எல்லாம் செய்துவிட்டு, பழைய ஒற்றை வாசலையும் சுற்றுச்சுவரையும் அப்படியே விட்டால், பால் பாக்கெட் வாங்கக்கூடக் காரை எடுக்க வேண்டிவரும். சுவரை நாலைந்து இடத்தில் உடைத்துப் பக்கத்துத் தெருக்களோடு நடைவழி கொடுங்கள். பேருந்து உள்ளே வந்து திரும்ப இடம் விடுங்கள்.

கடைசியாக, என் தொழிலைச் சேர்ந்த ஒன்று. வீட்டில் ஓர் ஆள் செலவழிக்கும் தண்ணீர் அலுவலகத்தில் செலவழிப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, கழிவுநீரும் அப்படித்தான். அலுவலகத்துக்கென்று போட்ட குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அதைத் தாங்குமா என்று, நிலம் வாங்கும் முன்பே உள்ளாட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.