ஏ.டி.எச்.டி: மாத்திரையா, வல்லாரையா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கவனம் நிலைக்காமலும் அளவுக்கு மீறித் துறுதுறுவென்றும் இருக்கும் குறைபாட்டைத்தான் ஏ.டி.எச்.டி என்கிறோம். அதைப் பற்றி, குழந்தைகள் மனநல மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி கேள்விகளுக்கு ஒரு முறைதான் விரிவாக எழுதுவேன்.

சேலம், ஒரு அம்மா: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் ஓரிடத்தில் உட்காருவதில்லை. டீச்சர் ஏ.டி.எச்.டி என்கிறார். ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாதும்மா. ஸ்கேனிலும் தெரியாது. பெற்றோர், ஆசிரியர், குழந்தை எல்லோரிடமும் பொறுமையாகப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். வகுப்பில் மட்டும்தான் தொந்தரவு என்றால் முதலில் அந்த வகுப்பைத்தான் விசாரிப்பேன்.

நான் கேட்பது இப்படி இருக்கும்: வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? பென்சில் சீவவே கால் மணி நேரம். ஒரு வரி எழுதியதும் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். வழியில் பூனையைப் பார்த்து நின்றுவிடுவான். தண்ணீரும் குடித்திருக்க மாட்டான், எதற்கு எழுந்தோம் என்பதும் நினைவிருக்காது. இது தினமும் நடக்கிறதா என்பதுதான் எனக்குத் தேவை.

அதோடு கண், காது, இரும்புச்சத்து பாருங்கள். இரவில் குறட்டை விட்டால் அடினாய்டையும் (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) காட்டுங்கள். சரியாகத் தூங்காத குழந்தையும் பகலில் இப்படித்தான் இருக்கும்.

மதுரை: ஏ.டி.எச்.டிக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பையன் அடிமையாகிவிடுவானா?

மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் ஆக மாட்டான். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் இந்த மருந்து பார்த்துக்கொள்கிறது; கவனம் நிலைக்கிறது. சாதாரண மாத்திரையின் வேலை மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இது புது மருந்தும் இல்லை, 1950களிலிருந்தே விற்பனையில் இருக்கிறது.

பசி குறையும், தூக்கம் தள்ளிப் போகலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். உயரம், எடை, ரத்த அழுத்தம் அவ்வப்போது பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே இதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள். அது சரியான ஏற்பாடு.

நாகர்கோவில்: வல்லாரை, நீர்ப்பிரமி மாதிரி மூலிகைகள் போதாதா? இயற்கையாயிற்றே!

வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல கீரை. நீர்ப்பிரமியை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மாத்திரைக்கு ஈடு என்று சொல்லும் அளவுக்கு அவற்றில் வலு இல்லை. ஒமேகா-3 கொஞ்சம் உதவும், பலன் சிறியது. உடற்பயிற்சியும் ஒழுங்கான தூக்கமும் எல்லாக் குழந்தைக்கும் வேண்டும்.

நான் எப்போதும் எச்சரிப்பது ஒன்று: லேபிள் இல்லாத பொட்டலப் பொடியைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

அதே நண்பர்: சித்த வைத்தியத்தை மட்டம் தட்டுகிறீர்கள். ஆங்கில மருந்தில் பக்கவிளைவு இல்லையா?

இருக்கிறது, மேலே ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறேன். அதேபோல் பொடிக்கும் யாராவது எழுதித் தர வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தையின் கவனத்தையும் அறிவு வளர்ச்சியையும் கெடுக்கும். கவனம் வரவேண்டும் என்று கொடுப்பதே கவனத்தைக் கெடுத்தால் எப்படி?

தஞ்சாவூர்: நாகர்கோவில் நண்பர் சொல்வதுதான் என் கருத்தும். எங்கள் சித்த மருத்துவர் பட்டம் பெற்றவர்.

நல்லது. அவரிடமே கேளுங்கள்: இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, ஆய்வகச் சோதனை உண்டா, பையன் சாப்பிடும் மாத்திரையோடு ஒத்துப்போகுமா? நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். என்னிடமும் இதையே மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வைத்தியம் பார்த்துவிட்டு இருவரிடமும் மறைப்பதுதான் ஆபத்து.

கோவை: சர்க்கரையை நிறுத்தலாமா?

பல்லுக்காக நிறுத்துங்கள். சர்க்கரையால் துறுதுறுப்பு வருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சில செயற்கை வண்ணங்கள் சில குழந்தைகளைப் பாதிப்பதாக 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வு காட்டியது. ஐரோப்பாவில் எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். கலர் மிட்டாயைக் குறையுங்கள், நஷ்டமில்லை.

ஈரோடு: மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார்களா?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர்: நான்கு வயது. மருந்து ஆரம்பிக்கலாமா?

முதலில் பெற்றோருக்கான பயிற்சி. எதைப் பாராட்டுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்வது என்று கற்றுத் தருவார்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் உங்கள் மாவட்டத்து அரசு ஆரம்ப இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள்.

சென்னை, வங்கி ஊழியர்: எனக்கு 34 வயது. மகளுக்குச் சொன்ன அறிகுறிகள் எல்லாம் எனக்கும் இருக்கின்றன.

இருக்கலாம் அம்மா, இது குடும்பத்தில் வலுவாகத் தொடர்வது. ஓடியாடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தையை யாரும் மருத்துவரிடம் அழைத்து வருவதில்லை. 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவள்' என்று கேட்டே வளர்ந்திருப்பீர்கள். அது உங்கள் குணக்கேடு இல்லை. பள்ளி ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பெரியவர்களுக்கும் சிகிச்சை பலன் தருகிறது.

திருப்பூர்: 22 கிலோ எடை, எத்தனை மில்லிகிராம்?

இங்கே சொல்ல மாட்டேன். யாரையும் பார்க்காமல் அளவு சொல்பவரை நம்பாதீர்கள்.

திருநெல்வேலி: ஏ.டி.எச்.டிக்கான இன்னொரு மருந்தான அட்டோமாக்ஸெடின் ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, மாற்றமே இல்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆனால் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.